சபையில் திடப்படுத்தும் வரம்: கண்டுகொள்வது முதல் கைமாற்றிக் கொடுப்பது வரை

ஆவியின் வரங்கள் என்று பேச்செடுத்தால் நம் சபைகளில் அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், சுகமளித்தல் என்று இந்த மூன்றிலேயே முக்கால்வாசிப் பேச்சு முடிந்துவிடும். ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் தருகிற பட்டியலில் ஏழு வரங்கள் இருக்கின்றன. போதிக்கிறவனுக்கும் பகிர்ந்துகொடுக்கிறவனுக்கும் நடுவே, 8-ஆம் வசனத்தின் தொடக்கத்தில், 'புத்திசொல்லுகிறவன்' என்று ஒருவர் வருகிறார். சோர்ந்தவரைத் தேற்றி, தயங்குகிறவரைத் தட்டிக்கொடுத்து, விலகிப்போனவரைத் திரும்பக் கூட்டிவருகிற ஆள் அவர்; இதைத்தான் இங்கே திடப்படுத்தும் வரம் என்கிறேன். மேடையில் இவருக்கு நாற்காலி கிடையாது, கன்வென்ஷன் போஸ்டரில் படம் வராது. ஆனால் இவர் இல்லாத சபையில் ஆட்கள் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வருவார்கள். ஏன் குறைகிறார்கள் என்று கமிட்டி கூடிப் பேசினாலும் பிடிபடாது.

தனக்கு இந்த வரம் இருக்குமோ என்று யோசிக்கிறவருக்காகவும், வரம் இருக்கிறதோ இல்லையோ இப்போது ஒருவரைத் திடப்படுத்தியே ஆகவேண்டிய இடத்தில் நிற்கிறவருக்காகவும் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிக்க இனிக்கப் பேசுவது இந்த வரம் அல்ல. கையிலிருந்து ஏதாவது போகும்: நேரம், பணம், தூக்கம், சில சமயம் நல்ல பெயர். எதையும் இழக்காமல் ஒருவரைத் திடப்படுத்தினேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான்.

முதல் படி: பர்னபாவின் கதையைத் தொடர்ச்சியாக வாசியுங்கள்

பிரசங்கங்களில் பர்னபா துண்டு துண்டாகத்தான் வருவார். அப்போஸ்தலர் 4, 9, 11, 13, 14, 15 ஆகிய அதிகாரங்களை ஒரே உட்காரலில் வாசித்தால்தான் ஆளின் முழு உருவம் தெரியும்.

சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியன். சொந்தப் பெயர் யோசே. 'ஆறுதலின் மகன்' என்ற அர்த்தத்தில் அப்போஸ்தலர்கள் வைத்த பர்னபா என்ற பெயர்தான் நிலைத்தது. முதல் காட்சியில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நிலத்தை விற்கிறார், பணத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். அவ்வளவுதான்.

அடுத்து 9-ஆம் அதிகாரம். சவுல் எருசலேமுக்கு வந்து சீஷர்களோடு சேரப் பார்க்கிறார். எல்லாரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் தவறே இல்லை. ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்கள் கிடந்தது இந்த ஆளின் காலடியில்தான்; வீடுவீடாக நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துக்கொண்டு போனவரும் இவர்தான். பர்னபா அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் போகிறார். 'நல்லவர்தான், நம்பலாம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. வழியில் கர்த்தரைக் கண்டார், கர்த்தர் இவரோடே பேசினார், தமஸ்குவில் இயேசுவின் நாமத்தினால் தைரியமாகப் பிரசங்கித்தார் என்று நடந்ததை வரிசையாக எடுத்துச் சொல்கிறார். அவருடைய கணிப்பு பொய்த்திருந்தால் முதலில் கெட்டிருக்கும் பெயர் பர்னபாவுடையது.

11-ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் கிரேக்கர்கள் விசுவாசிகளாகிறார்கள். எருசலேம் சபைக்கு இது புதிது. யாரையாவது அனுப்பிப் பார்த்துவரச் சொல்ல வேண்டும். குறை கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரை அனுப்பியிருந்தால் சபையின் சரித்திரமே வேறு திசையில் போயிருக்கும். பர்னபா போகிறார். 'தேவனுடைய கிருபையைக் கண்டபோது சந்தோஷப்பட்டு' என்கிறார் இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா. அங்கே குறைகளும் இருந்திருக்கும், எந்தச் சபையில் இல்லை? ஆனால் இவர் கண்ணில் முதலில் பட்டது கிருபை. சபை வளருகிறது, பர்னபாவுக்கும் நல்ல மதிப்பு. அந்த நேரம் பார்த்து அவர் தர்சுவுக்குக் கிளம்பிப் போய்ச் சவுலைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருகிறார். தன்னைவிடத் திறமையானவர் என்று தெரிந்தே கூட்டிவருகிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஒரு வருஷம் முழுக்க இருவரும் சேர்ந்தே போதிக்கிறார்கள்.

13-ஆம் அதிகாரத்தில் பெயர்களின் வரிசையைக் கவனியுங்கள். கிளம்பும்போது 'பர்னபாவும் சவுலும்'. பாப்போவைத் தாண்டியதும் 'பவுலும் பர்னபாவும்' (பவுல் என்பது சவுலின் இன்னொரு பெயர்). பர்னபா இதற்காக முகம் சுளித்ததாக ஒரு வரியும் இல்லை. 15-ஆம் அதிகாரத்தில் அவர் கடுமையாகச் சண்டை போட்டதும் தனக்காக அல்ல, பம்பிலியாவில் பாதியில் திரும்பிப்போன மாற்கு என்னும் இளைஞனுக்காக. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாம் படி: இந்த வரம் உங்களுக்கு இருக்கிறதா?

ஒருவரையொருவர் தேற்றும்படி 1 தெசலோனிக்கேயர் 5:11 எல்லாருக்கும்தான் சொல்கிறது. 'எனக்கு அந்த வரம் இல்லை' என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது. ஆனாலும் சிலரிடம் இது கூடுதலாக இருக்கும். எப்படித் தெரியும்? ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள். பஸ் ஸ்டாப்பில், கல்யாண வீட்டுப் பந்தியில், ஜெபக்கூட்டம் முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில், கேட்காமலே தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். யாராவது இரண்டு வாரம் வரவில்லை என்றால் உங்களுக்குத்தான் முதலில் உறுத்தும். ஒருவரைப் பற்றி மற்றவர்கள் குறையாகப் பேசும்போது, அவரிடம் உள்ள ஒரு நல்லது உங்கள் நினைவுக்கு வந்து நிற்கும். இதெல்லாம் உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும். 'இதைப் போய் வரம் என்பார்களா?' என்று கேட்பீர்கள். வரம் உள்ளவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

பக்கத்து வரங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரக்கம் காட்டுகிறவர் வலியில் இருப்பவரோடு உட்கார்ந்து அழுவார். போதிக்கிறவர் ஏன் எப்படி என்று விளக்குவார். திடப்படுத்துகிறவருக்கு ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்: இவர் அடுத்த அடியை எப்படி எடுத்துவைப்பார்? சிலருக்கு இந்த மூன்றும் கலந்தே இருக்கும், அதுவும் சரிதான்.

உங்களுக்கே சந்தேகமாக இருந்தால் உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் கேளுங்கள்: 'நான் எப்போதாவது உங்களுக்குத் தெம்பாக இருந்திருக்கிறேனா? எப்போது?' 'எப்போது' என்ற கேள்விக்குச் சட்டென்று பதில் வந்தால் போதும். இணையத்தில் கிடைக்கிற வரப் பரிசோதனைக் கேள்வித்தாள்களைவிட இது நம்பகமானது.

மூன்றாம் படி: யாருக்கு எது தேவை என்று பிரித்துப் பாருங்கள்

இந்த வேலைக்கு வேதத்தில் உள்ள மிகத் தெளிவான குறிப்பு 1 தெசலோனிக்கேயர் 5:14. 'ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்.' மூன்று விதமான ஆட்கள், மூன்று விதமான கவனிப்பு. நம்மவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு ஆளை மாற்றிவிடுவது. பிளஸ் டூவில் மார்க் குறைந்து கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குப் புத்திமதி சொல்வோம். வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் ஊர் சுற்றுகிறவரின் தோளைத் தட்டி, 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்போம். பக்கவாதம் வந்து படுத்திருக்கிற பெரியவருக்குத் தேவை ஆள் துணை; அவரிடம் ஒரு பாட்டைப் பாடிவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

அதனால் போவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். இவர் செய்ய முடிந்தும் செய்யாமல் இருக்கிறாரா? செய்ய மனமிருந்தும் பயந்து நிற்கிறாரா? மனமிருந்தும் முடியாமல் இருக்கிறாரா?

ஆட்களைக் கண்டுபிடிக்கக் கோயிலின் கடைசி வரிசைகள் நல்ல இடம். ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து போகிறவர்கள், பாடகர் குழுவில் இருந்து திடீரென்று நின்றுவிட்டவர்கள், ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாங்கள் வராத பெற்றோர்கள். ஆலய வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டால் கமிட்டிக்குத் தெரியாத பாதி விவரம் அவருக்குத் தெரிந்திருக்கும். அன்னையர் தின ஆராதனையில் எல்லாத் தாய்மாரும் பூ வாங்க முன்னே போகும்போது தனியாக உட்கார்ந்திருக்கிற குழந்தை இல்லாத பெண்ணை யாரும் பார்ப்பதில்லை.

இன்னும் ஒரு வீடு இருக்கிறது, எல்லாரும் மறக்கிற வீடு: போதகரின் வீடு. ஐயரோ பாஸ்டரோ, அவர் வாரம் முழுக்க எல்லாருடைய துக்கத்தையும் கேட்கிறவர். அவரிடம் பிரசங்கம் நீளம் என்று சொல்ல ஆள் உண்டு. ஊர் விட்டு ஊர் மாறுதலாகிப் போகும்போது பாதிப் படிப்பில் பள்ளிக்கூடம் மாறுகிற அவர் பிள்ளைகளிடம் 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்க ஆள் கிடையாது.

நான்காம் படி: போங்கள், கையில் எதையாவது எடுத்துக்கொண்டு

எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்பது மட்டுமே பேச்சு. ஓரேப் மலையில் கர்த்தர் பேசுவதெல்லாம் அதற்கப்புறம் வெகு நாட்கள் கழித்து.

இட்லியும் ஒரு டப்பா சாம்பாரும் போதும். ஆஸ்பத்திரி என்றால் கூடவே துணைக்கு இருக்கிறவருக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். நோயாளிக்கு எப்படியும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் குவிந்திருக்கும், துணைக்கு இருப்பவர்தான் காலையிலிருந்து டீயிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார். போகுமுன் போன் செய்துவிடுங்கள். இரண்டு பேராகப் போவது நல்லது, ஆறு பேராகப் போனால் அந்த வீட்டுக்காரருக்குக் காபி போடுகிற வேலைதான் கூடும்.

ஐந்தாம் படி: முதலில் வாயை மூடுங்கள்

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் யோபு, 'நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' என்று சொல்லும்படி ஆனது.

நம் துக்க வீடுகளில் கேட்கிற வாக்கியங்கள் சிலவற்றை அடியோடு விட்டுவிடலாம். 'நல்ல பூவைத்தான் ஆண்டவர் முதலில் பறிப்பார்' என்பதைப் பிள்ளையை இழந்த தாயிடம் சொல்லாதீர்கள். அந்தத் தாய் ஆண்டவரிடமே போகப் பயப்படுவாள். 'இன்னும் கொஞ்சம் விசுவாசமாக ஜெபித்திருந்தால்' என்பது கொடுமை. 'கிறிஸ்தவர்கள் அழக்கூடாது' என்பதற்கு வேதத்தில் இடமே இல்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார், துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார், இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும்.

அப்படியானால் என்னதான் பேசுவது? கணவரை இழந்து பத்து நாளான ஓர் அக்காவின் வீடு என்று வைத்துக்கொள்வோம். போய் உட்கார்ந்ததும்,

'அக்கா, ராத்திரி தூங்கினீங்களா?'

'எங்க தூங்க... ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. அவர் இருமுற சத்தம் கேக்குற மாதிரியே இருக்கு.'

இந்த இடத்தில் 'கர்த்தர் உங்களோடு இருக்கார்' என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். பொறுங்கள்.

'அண்ணனுக்கு இருமல் ரொம்ப நாளாவே இருந்துச்சோ?'

அவ்வளவு போதும். அவர் பேச ஆரம்பிப்பார்: இருமல், மருந்து வாங்கப் போன கடை, கடைசி வாரம், கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, அன்றைக்குக் கோபப்பட்டுப் பேசிய ஒரு வார்த்தை. அந்த வார்த்தைதான் அவரைத் தூங்கவிடாமல் செய்வது. அது வெளியே வர அரை மணி நேரம் ஆகலாம். அது வந்த பிறகு நீங்கள் சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்துக்கு எடை உண்டு. அதற்கு முன்னால் சொல்லும் நூறுக்கும் இல்லை.

ஆறாம் படி: குறிப்பாகச் சொல்லுங்கள்

'சூப்பர் தம்பி, கர்த்தர் உன்னைப் பெரிதாகப் பயன்படுத்துவார்' என்பது காற்றில் போகிற பேச்சு. முதல்முறையாகக் கோயிலில் வேதபாடம் வாசித்த பையன் நடுவில் தடுமாறிவிட்டான் என்று வையுங்கள். வெளியே தலை குனிந்து நிற்கிறான். அவனிடம் போய், 'தம்பி, நெகேமியா பேருங்க எல்லாம் வாய்ல நுழையாது, பெரியவங்களே தடுமாறுவாங்க. ஆனா தப்பா வாசிச்ச இடத்துல நீ நிறுத்தி, திரும்ப அந்த வசனத்தை முதல்ல இருந்து வாசிச்ச பாத்தியா, அது நல்லா இருந்துச்சு. அடுத்த மாசம் சங்கீதம் வாசிக்கிறியா? சனிக்கிழமை என்கிட்ட ஒருதரம் வாசிச்சுக் காட்டிட்டுப் போ' என்று சொன்னால் அவன் மறுபடி அந்த மேடையில் ஏறுவான்.

இதில் பொய் எதுவும் இல்லை. தடுமாறவே இல்லை என்று சொல்லவில்லை. அவன் செய்ததில் நிஜமாகவே நன்றாக இருந்த ஒன்றைக் கண்டு சொன்னோம், அடுத்த அடியைக் காட்டினோம், அந்த அடியில் கூட நிற்கிறோம் என்றோம். முகஸ்துதி சொல்கிறவருக்கு சனிக்கிழமை வேலை எதுவும் இருக்காது.

ஏழாம் படி: வசனத்தைக் கையாளும் விதம்

ஒரு வசனம், ஒன்றே ஒன்று. அதுவும் உங்களுக்கு உதவிய வசனமாக இருந்தால் நல்லது. 'எங்களுக்கு வரும் சகல உபத்திரவங்களிலேயும் அவரே எங்களுக்கு ஆறுதல்செய்கிறவர்' என்று 2 கொரிந்தியர் 1:4 சொல்கிற முறையே அதுதான்: நாம் பெற்றதைத்தான் கொடுக்க முடியும்.

வசனத்தின் முன்னும் பின்னும் படித்துவிட்டுப் போங்கள். புது வருஷ வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11, தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றியது. அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறது. வேலை போனவரிடம் இதைச் சொல்லும்போது 'அடுத்த மாசமே நல்ல வேலை' என்ற அர்த்தத்தில் சொன்னால் வேதத்தையே மாற்றுகிறோம். 'நாள் ஆனாலும் அவர் நம்மை மறப்பதில்லை' என்று சொன்னால் வசனம் சொல்வதைச் சொல்கிறோம். இரண்டாவதுதான் ஆறு மாசம் கழித்தும் நிற்கும்.

நீதிமொழிகள் 25:20, மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனைக் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனோடு ஒப்பிடுகிறது. 27:14 இன்னும் சுவாரசியம்: அதிகாலையிலே எழுந்து உரத்த சத்தத்தோடே சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும். காலை நாலரை மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு முந்நூறு பேருக்கு வசனம் ஃபார்வர்டு செய்கிற வாட்ஸ்அப் அண்ணாச்சிகள் இதைச் சற்றே தியானிக்கலாம். அதற்குப் பதிலாக ஒரே ஒருவருக்கு, அவர் பெயரைச் சொல்லி, 'இன்னிக்கு உங்க ஸ்கேன் ரிசல்ட் வருதுல்ல, பத்து மணிக்கு நினைச்சுக்கிறேன்' என்று இரண்டு வரி அனுப்பலாம்.

ஜெபமும் இப்படித்தான். சுருக்கமாக, அவர் சொன்ன வார்த்தைகளையே எடுத்து ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்காதீர்கள். 'ஆண்டவரே, இந்த மகன் இனிமேலாவது அம்மா பேச்சைக் கேட்டு நடக்க...' என்று ஆரம்பித்தால் கண்ணை மூடியிருக்கிற மகனுக்கு அது யாரிடம் சொல்லப்படுகிறது என்று நன்றாகவே தெரியும்.

எட்டாம் படி: திரும்பிப் போங்கள்

லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்துப்போனார் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். பவுலும் பர்னபாவும் தெர்பைக்குப் போய்ப் பிரசங்கித்த பிறகு அதே லீஸ்திராவுக்கும் இக்கோனியாவுக்கும் பிசீதியா நாட்டு அந்தியோகியாவுக்கும் திரும்பி வருகிறார்கள், 'சீஷருடைய மனதைத் திடப்படுத்த'. அங்கே அவர்கள் சொன்னதும் இனிப்பான செய்தி இல்லை. அநேக உபத்திரவங்களின் வழியாகத்தான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்க வேண்டும் என்றார்கள். கல்லடி பட்டவர் திரும்பி வந்து சொன்னதால் கேட்டுக்கொண்டார்கள்.

அடக்க ஆராதனைக்கு ஊரே வரும். மூன்றாம் வாரம் யாரும் வரமாட்டார்கள். போக வேண்டியது மூன்றாம் வாரம். ஒரு டைரியில் தேதிகளைக் குறித்துவையுங்கள்: இறந்தவரின் பிறந்தநாள், அவர்களுடைய கல்யாண நாள், அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸ். கீதபவனி வீடு வீடாகப் போகும்போது அந்த வீட்டில் மட்டும் விளக்கு எரியாமல் இருக்கலாம். பாட்டுக் குழுவோடு போகாமல் மறுநாள் தனியாகப் போங்கள். இந்த டைரி வேலை பக்தியாகத் தோன்றாது, குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஆனால் வரம் உள்ளவர்களில் பாதிப்பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒன்பதாம் படி: விழுந்தவரோடு நிற்பது

இதுதான் கடினமானது. மாற்கு பாதியில் விட்டுப்போனவன். அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போகலாம் என்று பர்னபா சொல்ல, பவுல் மறுக்க, இருவரும் பிரிகிற அளவுக்குக் கடுங்கோபம் மூண்டது. பவுலின் பக்கம் நியாயம் இருந்தது. ஆபத்தான வழி, நம்பத்தகாத ஆளை வைத்துக்கொண்டு போக முடியாது. மாற்கு பர்னபாவுக்குச் சொந்தக்காரன் என்று கொலோசெயர் 4:10-லிருந்து தெரிகிறது, அதனால் 'சொந்தபந்தம் பார்க்கிறார்' என்ற பேச்சும் வந்திருக்கும். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். அதற்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபாவின் பெயரே இல்லை. பல வருஷம் கழித்து, சிறையில் இருக்கும் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். இரண்டாம் சுவிசேஷத்தைச் சபைப் பாரம்பரியம் இந்த மாற்குவின் பெயரில்தான் வைத்திருக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள்: விழுந்தவருக்குப் பழைய பொறுப்பை மறுநாளே திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போடுவதல்ல. பர்னபா மாற்குவைப் பவுலின் தலையில் கட்டவில்லை, தன்னோடு கூட்டிக்கொண்டார். சங்கப் பணத்தில் கைவைத்த ஒருவர் மனந்திரும்பி வந்தால், அவரிடம் திரும்பச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆராதனையில் அவர் பக்கத்தில் போய் உட்காரலாம். பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கட்ட ஒரு வழி செய்து கொடுக்கலாம். சிறுவர்களிடமோ பெண்களிடமோ தவறாக நடந்தவர் விஷயம் வேறு. அதைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும், திடப்படுத்த வேண்டியது பாதிக்கப்பட்டவரை. 'மன்னித்து மறந்துவிடுவோம்' என்று மூடி மறைப்பதை இந்த வரத்தின் பெயரில் செய்யக்கூடாது.

பர்னபாவுக்கும் ஒரு சறுக்கல் உண்டு. யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினபோது, 'பர்னபாவும் அவர்களுடைய மாயத்தினாலே இழுப்புண்டான்' என்று கலாத்தியர் 2:13 சொல்கிறது. எல்லாரையும் அரவணைக்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடவே இருக்கும். யார் மனமும் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் யாருக்காக நிற்க வேண்டுமோ அவரைக் கைவிட்டுவிடுவோம். நம் ஊர்ச் சபைகளில் சாதியின் பெயரில் யாராவது ஒதுக்கப்படும்போது, இரண்டு பக்கமும் நல்லவராக இருக்கப் பார்க்கிறவர் பர்னபாவின் அந்த ஒரு நாளைத்தான் பின்பற்றுகிறார்.

பத்தாம் படி: எல்லைகள்

கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். இதற்கு நம்மிடம் தந்திரமான ஒரு ஓட்டை உண்டு: ஜெபக்குறிப்பு. 'அந்த சிஸ்டர் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க, விவரம் எல்லாம் சொல்ல முடியாது, ஆனா வீட்டுக்காரர்...' என்று தொடங்கினால் ஜெபக்கூட்டம் முடிவதற்குள் விவரம் முழுக்க வந்துவிடும். சம்பந்தப்பட்டவர் அனுமதி தராமல் ஒரு வரியும் கூடாது. ஆண்கள் பெண்களைத் தனியாகச் சந்தித்துத் தேற்றுவதைத் தவிர்த்து, மனைவியையோ இன்னொரு பெண்ணையோ கூட்டிப்போவது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு. கடன் கொடுக்காதீர்கள், முடிந்தால் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள்.

மனநோயை ஜெபக்குறைவு என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் ஓல்னி என்ற ஊரில் ஜான் நியூட்டன் போதகராக இருந்தார், ஒரு காலத்தில் அடிமைக் கப்பல் தலைவர். அவருடைய நண்பர் வில்லியம் கூப்பர் என்ற கவிஞர், இருவரும் சேர்ந்து கீர்த்தனைகள் எழுதினார்கள். 1773-இல் கூப்பருக்கு மனம் முற்றிலும் உடைந்தது, தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று உறுதியாக நம்பினார். நியூட்டன் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டது. கூப்பர் அதன்பின் 27 ஆண்டுகள் வாழ்ந்தார், நிறைய எழுதினார், ஆனால் அந்த இருள் அவரைவிட்டு முழுசாக விலகவே இல்லை. நியூட்டனின் விசுவாசம் போதவில்லை என்றா சொல்வோம்? தேற்றுவதால் நோய் தீரும் என்று கட்டாயம் இல்லை. கூட இருப்பது நம் வேலை, வைத்தியம் மருத்துவர் வேலை.

ஒருவர் வாரக்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்று பேசினால், தன் பொருட்களை ஆளாளுக்குக் கொடுக்க ஆரம்பித்தால், தயங்காமல் நேராகக் கேளுங்கள்: 'சாகணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பதில் ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரகசியம் காக்கிற விதி இங்கே செல்லாது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

பதினோராம் படி: உங்கள் சொந்த எண்ணெய்

தாவீது குடியிருந்த சிக்லாகு ஊர் எரிந்து கிடக்கிறது, குடும்பங்கள் சிறைப்பட்டுப் போயின, கூட இருந்த ஆட்களே கல்லெறிய வேண்டும் என்கிறார்கள். அங்கே தாவீது 'தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்'. அதற்கு முன் ஒருமுறை, சீப் வனாந்தரத்துக் காட்டில், யோனத்தான் தேடிவந்து அவர் கையைத் தேவனுக்குள் திடப்படுத்தினார். இரண்டும் வேண்டும். எல்லாருக்கும் போகிற நீங்கள் யாரிடம் போவீர்கள் என்று ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லையென்றால், புது ஆட்களைச் சந்திப்பதை நிறுத்திவிட்டு முதலில் அந்த ஒருவரைத் தேடுங்கள். ஒரே சமயத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வீட்டில் மனைவியோ கணவரோ 'ஊருக்கெல்லாம் நேரம் இருக்கு' என்று சொன்னால் அதைச் சாத்தானின் தடை என்று தள்ளிவிடாமல் காதுகொடுத்துக் கேளுங்கள்.

கடைசிப் படி: கைமாற்றிக் கொடுப்பது

ஒருவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் நீங்கள் மெதுவாக விலக வேண்டும். உங்களிடம் கேட்காமல் முடிவெடுப்பார், உங்களைவிட நன்றாகப் பேசுவார், சாட்சி சொல்லும்போது உங்கள் பெயரை விட்டுவிடுவார். பெயர் வரிசை மாறுவது அப்படித்தான். சந்திக்கப் போகும்போது இளையவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள், அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே பாதி கற்றுக்கொள்வார். துக்கம் அனுபவித்தவர்களை, ஒன்றிரண்டு வருஷம் போன பிறகு, அதே துக்கத்தில் இருக்கிறவரிடம் அனுப்புங்கள். பிள்ளையை இழந்த தாயிடம் பிள்ளையை இழந்த இன்னொரு தாய் போய் உட்காருவதற்கு ஈடாக எந்தப் போதகரும் எதுவும் செய்ய முடியாது.

'எனக்கு வயதாகிவிட்டது, வெளியே போக முடியவில்லை' என்கிறவர்களுக்காக ஒன்று. திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அவர் அறையிலேயே முடங்கினார். அந்த இருபது வருஷத்தில் படுக்கையிலிருந்தே புத்தகங்களும், உடன் ஊழியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கடிதங்களும் சிறு சீட்டுகளும் எழுதிக்கொண்டே இருந்தார். இப்போது கையில் போன் இருக்கிறது. சபைப் பெயர்ப்பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று கூப்பிடலாம். 'ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன், உன் நினைப்பு வந்துச்சு' என்று ஆரம்பித்தால் போதும், எதிரே இருப்பவர் பேசிக்கொள்வார்.